மூன்று ஏரிகளில் மிஞ்சியிருக்கும் மீன்: அட்லாண்டிக் வெள்ளைமீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கனடாவின் கிழக்கு ஓரத்தில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸில். இந்த மாகாணத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் இங்கே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் விருந்திலும் சரி, வாட்ஸ்அப்பிலும் சரி, தூண்டில் போடக் கிளம்பும் நண்பர்களிடமும் சரி, திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். பழைய பெயர்கள், ஆண்டுகள் எல்லாம் வேண்டாம், இப்போது என்ன நிலைமை என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் பிக்கரல் என்ற வேட்டைமீன் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

கடையில் ஒயிட்ஃபிஷ் என்று விற்கிறார்களே, அந்த மீனா?

இல்லை. ஒயிட்ஃபிஷ் என்ற சொல்லை இங்கே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். காட், ஹேடக் மாதிரி சதை வெள்ளையாக இருக்கும் கடல் மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது ஒன்று. இன்னொன்று, சால்மன் குடும்பத்தில் கோரிகோனஸ் என்ற பிரிவைச் சேர்ந்த மீன்கள். டொரொன்டோ கடைகளில் புகை போட்டு விற்கும் ஒயிட்ஃபிஷ் இந்த இரண்டாவது வகை, பேரேரிகளில் பிடிக்கும் ஏரி வெள்ளைமீன். அது கனடாவில் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது.

நான் சொல்வது அதன் உறவுக்கார மீன். அட்லாண்டிக் வெள்ளைமீன், அறிவியல் பெயர் கோரிகோனஸ் ஹண்ட்ஸ்மானி. உறவு என்றாலும் நெருங்கிய உறவு இல்லை. மரபணுவைப் பார்த்தவர்கள், இந்தக் கூட்டத்தில் இது வெகு காலத்துக்கு முன்பே தனியாகப் பிரிந்துபோன கிளை என்கிறார்கள். அதனால் இது போய்விட்டால் ஈடாகக் காட்ட நெருக்கமான வேறு மீன் கிடையாது.

பார்க்க எப்படி இருக்கும்?

முதுகு கருநீலமும் பச்சையும் கலந்தது, பக்கவாட்டில் வெள்ளி, வயிறு வெள்ளை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக, எலும்பே இல்லாத ஒரு கொழுப்புத் துடுப்பு. சால்மன், டிரௌட் எல்லாவற்றுக்கும் இருக்கிற அடையாளம் அது. இப்போது ஏரிகளில் இருப்பவை 20 முதல் 25 சென்டிமீட்டர் வரைதான், ஒரு முழங்கைகூட இல்லை. கடலுக்குப் போய் வந்த காலத்தில் அரை மீட்டர் வரை வளர்ந்திருக்கின்றன.

ஏரி வெள்ளைமீனிடமிருந்து பிரித்தறிய வாயைப் பாருங்கள். அதற்கு மூக்கு முன்னே நீட்டிக்கொண்டு வாய் கீழே உள்ளடங்கி இருக்கும், அடித்தளத்தைத் துழாவித் தின்கிற வாய். அட்லாண்டிக் வெள்ளைமீனுக்கு வாய் நேர் முன்னால், முகத்தின் நுனியில் இருக்கும். செதிலும் பொடி. பக்கவாட்டுக் கோட்டில் எண்ணினால் ஏரி வெள்ளைமீனைவிடக் கூடுதலாக, 90-ஐ ஒட்டியோ தாண்டியோ வரும். ஆனால் கையில் பிடித்து வைத்துச் செதில் எண்ணுகிற வேலை உங்களுக்கும் எனக்கும் வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஹண்ட்ஸ்மானி என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஏ. ஜி. ஹண்ட்ஸ்மன் என்ற கனடிய மீனியல் அறிஞரின் நினைவாக. 1967-இல் டபிள்யூ. பி. ஸ்காட் இதைத் தனி இனமாக விவரித்து 'கோரிகோனஸ் கனடென்சிஸ்' என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு மீனுக்குப் போயிருந்தது தெரிந்து 1987-இல் இப்போதைய பெயர் வந்தது. பழைய எழுத்துகளில் அகேடிய வெள்ளைமீன் என்று பார்த்தால் அதுவும் இதுதான்.

சரி, எங்கே இருக்கிறது?

ஹெப், மிலிப்சிகேட், மினம்கீக். இந்த மூன்று ஏரிகள்தான். ஹாலிஃபாக்ஸிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊர், அதற்குப் பக்கத்தில், பெட்டிட் ரிவியேர் என்ற சிற்றாற்றின் மேல்பகுதியில் ஒன்றோடொன்று தொடுத்தாற்போல் கிடக்கின்றன. மூன்றையும் சேர்த்தால் 16 சதுர கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் நீளம், நான்கு கிலோமீட்டர் அகலம் என்று ஒரு சதுரம் போட்டுப் பாருங்கள், ஒரு முழு உயிரினத்துக்கு இயற்கையில் மிச்சமிருக்கும் இடம் அவ்வளவுதான்.

மினம்கீக் ஏரி ஆதியில் இந்த ஆற்றோடு சேர்ந்ததே இல்லை. பக்கத்திலுள்ள மெட்வே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அது பிரிட்ஜ்வாட்டருக்குக் குடிநீர் போகிற ஏரி இல்லையா?

ஆமாம், அதே தண்ணீர்தான். பிரிட்ஜ்வாட்டர் லஹேவ் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர், ஆனால் வீட்டுக் குழாயில் வருவது இந்த ஏரிகளின் தண்ணீர். குடிநீர் என்பதால் சுற்றியுள்ள நிலத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, தண்ணீர் ஓரளவு சுத்தமாக இருந்தது, மீனும் பிழைத்தது. மீனுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒருவர் காலையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும்போது, அது இந்த மீன் நீந்திய தண்ணீர். இதை ஊர்க்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று கேட்கிறார்கள், நானும் கவனித்திருக்கிறேன். இனம், பேரினம் என்று ஆரம்பித்தால் நிற்பதில்லை.

முன்பு வேறு ஆறுகளில் இருந்ததாமே?

இருந்தது. மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், யார்மத் பக்கம் டஸ்கெட் என்று ஓர் ஆறு. அங்கே இருந்த கூட்டம்தான் உண்மையான கடலோடிக் கூட்டம். சால்மன் மாதிரியே கடலில் தின்று வளர்ந்து, இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறும். அதை அடுத்த ஆனிஸ் ஆற்றிலும் இருந்தது.

1929-இல் டஸ்கெட் நீர்வீழ்ச்சியில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். மீன் ஏறிப் போகப் பாதை வைத்தார்கள்தான், ஆனால் அது இந்த மீனுக்குச் சரிவரப் பயன்படவில்லை. மேலே ஏற முடியாமல் அணைக்குக் கீழே கூடி நிற்கிற மீனை அள்ளுவது சுலபம், அப்படி அள்ளவும் செய்தார்கள். காஸ்பரோ என்ற மத்தி இனத்து மீனுக்குப் போட்ட வலைகளிலும் இது விழுந்தது. கீழ்நோக்கிக் கடலுக்குப் போகும் மீன்கள் மின்நிலையச் சுழலிகளில் சிக்கின. இவற்றோடு அமில மழையும் சேர்ந்துகொண்டது. டஸ்கெட்டில் கடைசியாக இந்த மீன் கண்ணில் பட்டது 1982-இல். அதற்குப் பிறகு எத்தனை தடவை தேடியும் கிடைக்கவில்லை.

அமில மழையா? அது தொழிற்சாலை உள்ள ஊர்ப் பிரச்சினை ஆயிற்றே?

புகை கக்கியது வேறு ஊர்கள், மழை கொட்டியது இங்கே. அமெரிக்காவின் வடகிழக்கிலும் மத்திய கனடாவிலும் நிலக்கரி எரித்த ஆலைகளிலிருந்தும் உலோகம் உருக்கும் ஆலைகளிலிருந்தும் கிளம்பிய கந்தகம் காற்றோடு வந்து நோவா ஸ்கோஷியாவின் தெற்கில் இறங்கியது. சுண்ணாம்புப் பாறை உள்ள நிலம் என்றால் அமிலத்தை முறித்துவிடும். இங்கே பெரும்பாலும் கருங்கல், அதன் மேல் மெல்லிய மண். விழுந்த அமிலம் அப்படியே ஆற்றில் கலந்தது. முட்டையும் பொரித்த குஞ்சும்தான் முதலில் சாகும். இந்தப் பகுதியில் பல ஆறுகளில் சால்மனே இல்லாமல் போனதற்கு இதுதான் பெரிய காரணம். பெட்டிட் ரிவியேரின் மண் வாகு கொஞ்சம் நல்லது, டஸ்கெட் அளவுக்கு அங்கே அமிலம் ஏறவில்லை. புகை குறைந்து பல ஆண்டுகள் ஆகியும் டஸ்கெட் பக்கத்துத் தண்ணீர் பழைய நிலைக்கு வரவில்லை, ஏனென்றால் மண்ணிலிருந்து கழுவிப்போன கால்சியம் திரும்பச் சேர வெகு காலம் பிடிக்கும்.

கடலுக்குப் போகிற மீன் எப்படி ஏரியிலேயே காலம் தள்ளுகிறது?

எனக்கு இந்த மீனிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆற்றின் குறுக்கே மரம் அறுக்கவும் மாவரைக்கவும் அணைகள் வந்த பிறகு ஏரிக் கூட்டம் தலைமுறை தலைமுறையாக நன்னீரிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. பூச்சிகளையும் சின்ன மீன்களையும் தின்று, உடம்பு சிறுத்து, அங்கேயே முட்டையிட்டுப் பிழைக்கிறது. ஆனால் இவற்றின் வழிவந்த மீன்களை வளர்ப்புத் தொட்டியில் உப்புத் தண்ணீரில் விட்டபோது தாங்கிக்கொண்டன. கடல் இன்னும் உடம்பில் இருக்கிறது, போகத்தான் வழி இல்லை.

கடலில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய தடயங்கள் சில உண்டு. லஹேவ் கழிமுகத்திலும், ஃபண்டி விரிகுடாவில் ஹால்ஸ் ஹார்பர் என்ற மீனவக் கிராமத்தின் அருகிலும் ஓரிரு மீன்கள் கிடைத்திருக்கின்றன.

எப்போது முட்டையிடும்?

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, தண்ணீர் உறையப் போகிற குளிரில். இது வளர்ப்புத் தொட்டிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஏரியில் எந்த இடத்தில், எந்தக் கல்லடியில் இடுகிறது என்று இயற்கையில் யாரும் நேரில் கண்டதில்லை. வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையில் அகப்படும்போதுதான் 'இந்த ஆண்டும் முட்டையிட்டிருக்கிறது' என்று தெரியவருகிறது.

இப்போதைக்குப் பெரிய ஆபத்து எது? பிக்கரல் என்கிறார்களே?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒன்டாரியோவில் இருக்கும் நம்மவர்கள் பிக்கரல் என்றால் 'அருமையான மீன் ஆயிற்றே, வாங்கிச் சமைத்திருக்கிறேனே' என்பார்கள். அங்கே அந்தப் பெயரில் விற்பது வால்ஐ என்ற வேறு மீன். இங்கே சொல்வது செயின் பிக்கரல், பைக் குடும்பத்து வேட்டைமீன். பச்சையும் பொன்னும் கலந்த உடம்பில் சங்கிலி கோர்த்தாற்போல் கோடுகள், வாத்து அலகு மாதிரி தட்டையான நீண்ட வாய், அதற்குள் ஊசி ஊசியாகப் பல். செடி மண்டிய கரையோரத்தில் ஒரு குச்சி போல அசையாமல் நிற்கும். ஏதாவது பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

இன்னொரு ஏரியில், பிக்கரல் பல ஆண்டுகளாகக் குடியேறிவிட்ட இடத்தில், நண்பர் ஒருவரோடு தூண்டில் போட்டபோது முழங்கை நீளத்தில் ஒன்று மாட்டியது. சுத்தம் செய்ய வயிற்றைக் கீறியதும் உள்ளே ஒரு மஞ்சள் பெர்ச் மீன், அதன் வாலும் துடுப்பும் அப்படியே, தலைப்பக்கம் மட்டும் கரைந்து கூழாகியிருந்தது. அதற்கும் கீழே ஒரு தவளைக் கால். விழுங்கிய பெர்ச்சின் நீளம் என் உள்ளங்கையைவிடப் பெரிது. நண்பர் சாதாரணமாக அதை வழித்துப் போட்டுவிட்டார். நான் மட்டும், ஹெப் ஏரியில் இதே வயிற்றுக்குள் என்னென்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

செயின் பிக்கரலும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற இன்னொரு வேட்டைமீனும் நோவா ஸ்கோஷியாவின் சொந்த மீன்கள் இல்லை. இரண்டும் 1940-களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை. அப்புறம் ஏரி ஏரியாகப் பரவியது பெரும்பாலும் மனிதர்களால்தான். 'எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியிலும் இருந்தால் பிடிக்க நன்றாக இருக்குமே' என்று ஒருவர் வாளியில் நாலு மீனைக் கொண்டுபோய் விடுவார், அவ்வளவு போதும். பெட்டிட் ரிவியேர் ஏரிகளில் பாஸ் முதலில் வந்துவிட்டது, 2013-இல் பிக்கரலும் கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ் இரையைப் பங்குபோடும், குஞ்சுகளையும் தின்னும். பிக்கரல் குஞ்சையும் தின்னும், வளர்ந்ததையும் தின்னும். 25 சென்டிமீட்டர் மீன் அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

அணை, அமிலம், வலை எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்த மீன், கடைசியில் யாரோ பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்து விட்ட மீனின் வாயில் போய் நிற்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

அந்த மீன்களை மொத்தமாகப் பிடித்து ஒழித்துவிட முடியாதா?

குளத்தை வற்றவைத்தோ மருந்து போட்டோ வேண்டாத மீனைக் கொல்கிற முறைகள் உண்டு. இங்கே இரண்டும் நடக்காது. ஊர் குடிக்கிற தண்ணீர் என்பது ஒன்று. மருந்து இந்த மீன், அந்த மீன் என்று பார்த்துக் கொல்லாது, காப்பாற்ற வேண்டியதும் சேர்ந்து செத்துப்போகும் என்பது அதைவிட முக்கியம்.

அதனால் கையால் செய்கிற வேலைதான். கோஸ்டல் ஆக்‌ஷன் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறது. படகின் முன்னால் மின்முனைகளைத் தொங்கவிட்டுக் கரையோரமாக மெதுவாகப் போவார்கள். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்ததும் மீன்கள் சற்று நேரம் மயங்கி மேலே வரும், பிக்கரலையும் பாஸையும் வலைக்கரண்டியால் அள்ளிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். பாஸ் ஆண்மீன் கூட்டில் முட்டையைக் காத்துக்கொண்டு நிற்கிற காலத்தில் அதைத் தேடிப் பிடிப்பதும் உண்டு. ஒழிக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். ஆண்டுதோறும் செய்ய வேண்டும், ஓராண்டு பணம் வராமல் நின்றால் அது முந்திக்கொள்ளும்.

எத்தனை மீன் மிச்சம் இருக்கிறது?

யாராலும் எண்ணிச் சொல்ல முடியவில்லை. மிக அரிதாகத்தான் அகப்படுகிறது, எண்ணுவதற்காக வலை போட்டால் வலையே சிலவற்றைக் கொன்றுவிடும். அதனால் வசந்தத்தில் அகப்படும் குஞ்சுகளை வைத்துத்தான் நிலைமையைக் கணிக்கிறார்கள். பிக்கரல் வந்த பிறகு கணிப்பு நம்பிக்கை தருவதாக இல்லை.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

தாராளமாக உண்டு. கனடாவில் உயிரினங்களின் அழிவு நிலையை மதிப்பிடும் அறிஞர் குழு 1984-லேயே இதை 'அழியும் ஆபத்தில்' என்று வகைப்படுத்திவிட்டது. மத்திய அரசின் ஆபத்திலுள்ள உயிரினங்கள் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோதே பட்டியலில் இது இருந்தது. கொல்வது, பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். தனிநபருக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர் அபராதம், ஐந்தாண்டு சிறை வரை போகலாம். 2006-இல் மீட்புத் திட்டம் எழுதினார்கள், 2018-இல் திருத்தி எழுதினார்கள்.

என் குறை ஒன்றுதான். சட்டம் தூண்டில்காரரைத் தடுக்கும், கட்டடம் கட்டுகிறவரைத் தடுக்கும். பிக்கரலுக்குச் சட்டம் தெரியாது. ஏட்டில் கனடாவிலேயே முதன்முதலாகப் பாதுகாப்புப் பெற்ற மீன்களில் இது ஒன்று, ஏரியில் நிலைமை அதற்குப் பிறகுதான் மோசமானது.

வளர்ப்புத் தொட்டியில் பெருக்கி விட்டால் என்ன?

செய்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் மீன்வளத் துறை, ஏரியிலிருந்து சில மீன்களை எடுத்து, லிவர்பூல் ஊருக்குப் பக்கத்தில் மெர்சி ஆற்றோரம் இருந்த தன் வளர்ப்பகத்தில் வைத்து முட்டையிட வைத்தது. எத்தனை டிகிரியில் வைப்பது, குஞ்சுக்கு என்ன இரை கொடுப்பது, எல்லாம் கற்றுக்கொண்டார்கள், மீனும் நன்றாகவே பெருகியது. அங்கே பிறந்தவற்றைப் பெட்டிட் ரிவியேரின் கீழ்ப்பகுதியிலும், ஹாலிஃபாக்ஸுக்கு எதிர்க்கரையில் டார்ட்மத் பகுதியில் உள்ள ஆண்டர்சன் ஏரியிலும் விட்டார்கள்.

அப்புறம் செலவுக் குறைப்பு வந்தது. 2012 வாக்கில் அந்த வளர்ப்பு வேலை நின்றுபோனது. ஆண்டர்சன் ஏரியில் விட்டவை நிலைத்து இனம் பெருக்கவில்லை. தேதியைக் கவனியுங்கள்: வளர்ப்பு நின்றது 2012 வாக்கில், ஏரியில் பிக்கரல் தெரிந்தது 2013-இல். மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் தொட்டி காலியாக இருந்தது.

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகம் கை கொடுத்தது. இந்தத் தடவை வளர்ந்த மீனைப் பிடிக்கவில்லை. வசந்தத்தில் ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு சுழல்பொறியை மிதக்கவிடுவார்கள். பெரிய புனல் ஒன்றைப் படுக்கவைத்தாற்போல் இருக்கும், ஓட்டத்தில் தானே சுற்றும், உள்ளே வந்த மீன் பின்னால் உள்ள பெட்டியில் தங்கிவிடும். அந்தப் பெட்டியில் காலையில் அகப்படுவது பெரும்பாலும் இலை, குப்பை, மற்ற மீன்களின் குஞ்சுகள். அதற்கு நடுவே கண் இரண்டும் கருப்புப் புள்ளியாக, உடம்பு கண்ணாடியாக, நகத்தைவிடச் சற்று நீளமாக ஒன்று நெளிந்தால் அது வெள்ளைமீன் குஞ்சாக இருக்கலாம். அதை எடுத்து வளர்க்கிறார்கள். விட்டிருந்தால் ஓடையோடு போய் அணையைத் தாண்டி விழுந்திருக்கும், திரும்பி ஏரிக்கு வருவது பெரும்பாடு. அப்படி எடுத்த குஞ்சுகள் தொட்டியில் பெரிதாகி முட்டையிட்டு, அவற்றின் பிள்ளைகளைத் திரும்ப ஆற்றில் விடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இந்த மீனை வளர்க்கத் தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. கொண்டுபோய் விட ஒரு நல்ல இடம் இல்லை, அதுதான் திண்டாட்டம். பிக்கரல் உள்ள ஏரியில் விட்டால் பிக்கரலுக்கு இரை போட்டதாகும். தொட்டியிலேயே பல தலைமுறை வைத்தால் மீன் தொட்டிக்குப் பழகிப்போகும், ஒரு பம்பு நின்றாலோ ஒரு நோய் வந்தாலோ எல்லாம் போச்சு.

பாஸும் பிக்கரலும் இல்லாத, அமிலம் ஏறாத, ஆழமும் குளிர்ச்சியும் உள்ள ஓர் ஏரி வேண்டும், முடிந்தால் கடலுக்கு வழியும் வேண்டும். பல ஆண்டுகளுக்கு அந்த ஏரியைக் காவல் காக்கவும் வேண்டும். நான் எங்கே பேசினாலும் இந்த ஒன்றைத்தான் கடைசியில் கேட்கிறேன்: இரண்டாவது ஏரி எங்கே?

வேறு நாட்டில் அப்படிச் செய்து பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது, இதே வெள்ளைமீன் குடும்பத்திலேயே. ஸ்காட்லாந்தின் லொமண்ட் ஏரியிலிருந்து போவன் என்ற வெள்ளைமீனை 1988-க்கும் 1991-க்கும் இடையில் ஸ்லாய், கேரன் வேலி என்ற இரண்டு நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோனார்கள், இரண்டிலும் பிடித்துக்கொண்டது. வேல்ஸில் பாலா ஏரியில் மட்டும் இருந்த க்வினியட் மீனின் முட்டைகளை 2003 முதல் 2007 வரை பக்கத்து மலை ஏரியான அரனிக் வௌருக்கு மாற்றினார்கள். அங்கே பிரச்சினை ரஃப் என்ற வந்தேறி மீன், அது முட்டையைத் தின்கிற ஆசாமி.

இங்கிலாந்தின் பாசென்த்வெயிட் ஏரிக் கதைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. அங்கிருந்த வெண்டேஸ் மீன் 2001-க்குப் பிறகு அந்த ஏரியில் அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டது. 2013-இல் ஆய்வு வலையில் ஒன்று அகப்பட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1990-களின் கடைசியில், அந்த ஏரி மீனின் வழித்தோன்றல்களை ஸ்காட்லாந்தில் ஸ்கீன் என்ற மலை ஏரியில் விட்டிருந்தார்கள். சொந்த ஏரியில் தடயமே இல்லாத ஆண்டுகளில் அந்த மீன் அங்கே பெருகிக்கொண்டிருந்தது. ஏரி கெட்டுப்போவதற்கு முன்னால் முட்டையை எடுத்ததால் நடந்தது அது. கெட்ட பிறகு எடுக்க முட்டை இருக்காது.

ஹெப் அணையில் மீனுக்குப் பாதை போட்டார்களே?

2012-இல் போட்டார்கள். நல்ல வேலை. அணைக்குக் கீழே விடுகிற மீன் திரும்ப மேலே ஏற ஒரு வழியாவது இருக்கிறது. ஆனால் மீனுக்குத் திறக்கிற கதவில் வேண்டாத மீனும் நுழையும் என்ற கவலை எப்போதும் உண்டு, அதனால் அங்கே கண்காணிப்பும் தேவை.

சாப்பிடவும் முடியாது, விற்கவும் முடியாது. இதற்கு ஏன் இவ்வளவு செலவு?

கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். மருத்துவமனையில் காத்திருக்கிற நேரத்தை நினைத்தால் மீனுக்குப் பணமா என்று தோன்றும்தான்.

இந்த மீன் செத்தால் ஊர்ப் பொருளாதாரத்தில் ஒரு ரூபாய் குறையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தானாகத் தோற்றுப்போன மீன் இல்லை. அணை கட்டி வழியை அடைத்தது நாம், மழையை அமிலமாக்கியது நாம், பிக்கரலைக் கொண்டுவந்து விட்டதும் நாம். இந்த மண்ணின் மிக்மாக் மக்கள் இந்த ஆறுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மீன் பிடித்தார்கள், மீன் இருந்தது. மிலிப்சிகேட், மினம்கீக் என்ற பெயர்களே அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான். நூறு ஆண்டுக்குள் இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நானும் பின்னால் வந்தவன்தான், இந்த மாகாணத்தின் தண்ணீரைத்தான் குடிக்கிறேன், அதனால் இதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

தூண்டில் போடும்போது தப்பித்தவறி மாட்டிவிட்டால்?

தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி உடனே விட்டுவிடுங்கள். முள் ஆழமாகப் போயிருந்தால் பிடுங்க வேண்டாம், தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள். படம் எடுக்கிறேன் என்று பிடித்து வைத்திருக்காதீர்கள். எங்கே, எப்போது என்று குறித்து வைத்து மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். தவறுதலாக மாட்டியதைச் சொல்வதற்குப் பயப்பட வேண்டாம், அந்தத் தகவல் அவர்களுக்குத் தங்கம். இந்த ஏரிகளுக்கென்று தனித் தூண்டில் விதிகளும் உண்டு, போகும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் என்ன செய்யலாம்?

எந்த மீனையும், தூண்டில் இரைக்கு வாங்கிய பொடிமீன் உட்பட, ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு உயிரோடு கொண்டுபோகாதீர்கள். வீட்டுத் தொட்டி மீனை ஓடையில் விடாதீர்கள். படகை வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன் கழுவி, வடித்து, காயவைத்துவிடுங்கள். யாராவது வாளியோடு போவதைப் பார்த்தால் பேசிப் பாருங்கள், சண்டை வேண்டாம். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. நோவா ஸ்கோஷியாவில் இருக்கிறவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு சனிக்கிழமை கொடுத்தாலும் உபயோகம்தான்.

நேரில் பார்க்க முடியுமா?

ஏரியைப் பார்க்கலாம், மீனைப் பார்ப்பது துர்லபம். நான் மே மாதத்தில் ஹெப் அணைப் பக்கம் போய் நிற்பதுண்டு. தேயிலைச் சாயம் போலப் பழுப்பான தண்ணீர், அடியில் வழவழவென்று கல். அணையின் கீழே காஸ்பரோ மீன்கள் கடலிலிருந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அவற்றின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரியும். எத்தனை தடவை போயும் வெள்ளைமீனைப் பார்த்ததில்லை. இந்த மே மாதமும் போவேன்.